பார்த்துக்கிறேன் என்ற நாரை

பெரிய ஏரி ஒன்றின் நடுவில் சின்னத் திட்டு ஒன்று இருந்தது. அல்லித்திட்டு என்று பெயர். பார்க்கப்போனால் பத்துப் புதர், ஒரு நாணல் காடு, சுற்றிலும் அல்லி இலை. அவ்வளவுதான். ஆனால் அங்கே குடியிருந்த பறவைகளைக் கேட்டால் "எங்க நாடு" என்றுதான் சொல்லும். ராஜா உண்டு, மந்திரி உண்டு, விமானப்படைகூட உண்டு!

ராஜாவின் பெயர் குமிழியப்பன். அவர் ஒரு முக்குளிப்பான். நல்லவர்தான், ஆனால் ஒரு பழக்கம். யாராவது கஷ்டமான கேள்வி கேட்டால் டபக்கென்று தண்ணீருக்குள் முங்கிவிடுவார். எங்கே எழுவார், எப்போது எழுவார் என்று யாருக்கும் தெரியாது. எழும்போது பேச்சு வேறு விஷயத்துக்குப் போயிருக்கும்.

விமானப்படை என்றால் நாலைந்து ஆலாப் பறவைகள். தளபதி கூர்வாலி. சின்ன உடம்பு, ஊசி அலகு, மூக்குக்கு மேல் கோபம். பருந்தைக்கூடக் கொத்தித் துரத்துவாள். நேரத்துக்குத் தகவல் தெரிய வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை.

காவல் மந்திரி இலையாண்டி. அவன் ஓர் இலைக்கோழி. நீள நீள விரலை வைத்துக்கொண்டு அல்லி இலை மேல் நடப்பானே, அந்தப் பறவை. அவனுக்கு அந்த வருஷம் குஞ்சு பொரித்திருந்தது. அம்மாக்காரி முட்டையிட்ட கையோடு அடுத்த குளத்துக்குப் போய்விட்டாள். தப்பாக நினைக்காதீர்கள், அந்தக் குலத்தில் அதுதான் வழக்கம். அடை காப்பதும் வளர்ப்பதும் அப்பன் வேலை. ஆபத்து என்றால் குஞ்சுகளை இறக்கைக்குள் வாரி இடுக்கிக்கொண்டு ஓடுவான். குச்சிக் கால்கள் மட்டும் வெளியே தொங்கும்.

ஆபத்து என்றால் பூனைப்பருந்துதான். அது உயரத்திலிருந்து பாய்ந்தால் பரவாயில்லையே, பார்த்துவிடலாம்! அந்தக் கள்ளப்பயல் நாணலை ஒட்டித் தாழப் பறந்து வருவான். தண்ணீரில் இருப்பவர்களுக்கு நாணல்தான் தெரியும். நாணலுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. தலைக்கு மேலே நிழல் விழுந்த பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன செய்ய?

அதுவரை காவலுக்கு இருந்தவள் ஆள்காட்டிக் குருவி. கரை மேட்டில் நின்றுகொண்டு எதைப் பார்த்தாலும் கத்துவாள். எருமை வந்தால் கத்துவாள். இலை விழுந்தால் கத்துவாள். ஒருநாள் தன் நிழலைப் பார்த்தே ஊரைக் கூட்டிவிட்டாள். கடைசியில் அவள் கத்தினால் யாரும் தலையைக்கூடத் திருப்புவதில்லை.

"இப்படியே விட்டா குஞ்சு ஒண்ணும் மிஞ்சாது!" என்று கூர்வாலி சபையில் சத்தம் போட்டாள். "உசரத்துல நின்னு கீழே பார்க்க ஒரு ஆள் வேணும். அவன் பூனைப்பருந்தைத் தூரத்திலேயே பார்க்கணும். நாங்க கிளம்பிப் போய்த் துரத்தணும்!"

"ஆகா! நல்ல யோசனை!" என்றார் ராஜா. "இலையாண்டி, நீயே ஒரு ஆளைத் தேர்ந்தெடு!"

"நானா? எனக்கு வானத்தைப் பத்தி என்ன தெரியும் ராஜா? நான் இலைமேல நடக்கிறவன்..."

டபக்! ராஜா முங்கிவிட்டார்.

செய்தி எப்படித்தான் கசிந்ததோ, மறுநாள் காலையில் சபை நடுவில் ஒரு காகம் வந்து இறங்கியது. பெயர் கருப்பட்டி. பேச்சும் அப்படித்தான், நாக்கில் ஒட்டிக்கொண்டு இனிக்கும்.

"மந்திரியாரே! வான்காவலுக்கு ஆள் தேடறீங்களாமே? கவலையை விடுங்க. எனக்குத் தெரியாத பறவை உண்டா? முதல்ல ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு எவ்வளவு பார்வை வட்டம் வேணும்?"

இலையாண்டி பேந்தப் பேந்த விழித்தான். "பார்வை வட்டம்னா என்னங்க?"

காகம் ஒரு கணம் அவனைப் பார்த்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது. "கேட்டீங்களா ராஜா! காவல் மந்திரிக்குப் பார்வை வட்டம் தெரியாதாம்!"

ராஜா சிரித்தார். ராஜா சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். இலையாண்டிக்கு உடம்பு கூசியது. இனி இந்தச் சபையில் சந்தேகம் கேட்டால் என் பெயர் இலையாண்டி இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

காகம் முதலில் கூட்டிவந்தது ஒரு செம்பருந்தை. அது வந்து உட்கார்ந்ததுமே திட்டில் இருந்த குஞ்சுகள் எல்லாம் புதருக்குள் போய்விட்டன. செம்பருந்து பேச்சைக் கவனிக்காமல் புதரையே பார்த்தது.

"சாப்பாடெல்லாம் எப்படி? இங்கேயேதானா?" என்று கேட்டது.

"காவலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், முதல்ல கிளம்பு!" என்று கூர்வாலி சீறினாள்.

அடுத்து உழவாரக் குருவி. "இவர் தரையே மிதிக்க மாட்டார். தூங்கறதுகூட ஆகாயத்துலதான்! தங்குநேரம்னா இவர் தங்குநேரம்தான்!" என்றது காகம். அது சொல்லி முடிப்பதற்குள் உழவாரன் சபையை ஏழெட்டுத் தரம் சுற்றிவிட்டான்.

"காவலா சரி சரி எதைப் பார்க்கணும் கொசுவையா பூச்சியையா இங்க பூச்சி நல்லா இருக்கே!" என்று ஒரே மூச்சில் பேசிக்கொண்டே போய்விட்டான். திரும்பி வரவேயில்லை.

"இது காவல்காரனா, காத்தா?" என்று ராஜா கேட்டார்.

"தங்குநேரம் அதிகமானா திரும்புநேரம் குறையும் ராஜா. அது இயற்கை," என்றது காகம்.

சபை முழுக்க "ஆமாம், ஆமாம்" என்றது. இலையாண்டியும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான். அவனுக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. ஆனால் கேட்கவில்லை.

மூன்றாவதாக வந்தார் ஒரு நத்தைகுத்தி நாரை.

என்ன தோரணை என்கிறீர்கள்! நெடுநெடுவென்று கால். மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டே நிற்கும் அலகு. நிதானமான நடை. வந்து நின்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டார். பேசவில்லை.

"இவர் வெயில் ஏறினதும் காத்துல மிதந்து மிதந்து மேலே போவார். இறக்கையை அசைக்கக்கூட மாட்டார். அங்கேயிருந்து பார்த்தா ஏரி ஒரு தட்டு மாதிரி தெரியும். நாணலுக்கு முன்னால என்ன, பின்னால என்ன, எல்லாம் கண்ணுக்குள்ள! உயரம், தங்குநேரம், பார்வை வட்டம், மூணும் ஒண்ணா அமைஞ்சவர்!" என்று காகம் அடுக்கியது.

இன்னொன்றை மட்டும் அது சொல்லவில்லை. வேலை கிடைத்தபின் நாரை இங்கே நத்தை தின்னும்போது சிந்துவதெல்லாம் காகத்துக்கு என்று இருவருக்கும் ஏற்கெனவே பேச்சு.

"கண்ணு எப்படி ஐயா?" என்று கூர்வாலி கேட்டாள்.

நாரை தூரத்துக் கரையைப் பார்த்தார். "அந்த மருத மரத்துல மூணாவது கிளையில ஒரு ஓணான். வாலு பாதிதான் இருக்கு," என்றார் மெல்ல.

ஓர் ஆலா பறந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தது. ஓணான் இருந்தது. வால் பாதிதான் இருந்தது!

"அப்ப ஆள்காட்டி?" என்று இலையாண்டி மெதுவாகக் கேட்டான்.

"அவளுக்கு உயரமும் இல்லை, தூரப்பார்வையும் இல்லை. வாய் மட்டும்தான் இருக்கு. வாயை வெச்சு என்ன பண்ண? போகச் சொல்லு!" என்றார் ராஜா.

ஆள்காட்டி மூக்கைச் சிந்திக்கொண்டு அக்கரைக்குப் போனாள். போகும்போதும் கத்திக்கொண்டேதான் போனாள்.

இலையாண்டி நாரையின் முன்னால் வந்து நின்றான். அவன் தொண்டையில் ஒரு கேள்வி முட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவு உயரத்தில் இவர் பார்ப்பார், சரி. பார்த்தது கீழே இருக்கிற நமக்கு எப்படித் தெரியும்? கேட்கலாமா? கேட்டால் காகம் சிரிக்குமோ? இது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருக்குமோ? பார்வை வட்டம் என்பதே ஒருவேளை இதுதானோ?

அவன் காகத்தைப் பார்த்தான். காகம் அலகை லேசாகத் திறந்தது. அவ்வளவுதான். கேள்வியை விழுங்கிவிட்டான்.

"ஐயா... பூனைப்பருந்து வந்தா, நீங்கதான் பார்த்துக்கணும்," என்றான்.

"பார்த்துக்கிறேன்," என்றார் நாரை.

அடடா! அந்த ஒரு வார்த்தையில் சபைக்கு எவ்வளவு நிம்மதி! "பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டார்!" என்று நாணலுக்கு நாணல் செய்தி பரவியது. ராஜா சந்தோஷத்தில் முங்கி முங்கி எழுந்தார்.

அன்று முதல் வெயில் ஏறியதும் நாரை மேலே போனார். வானத்தில் ஒரு புள்ளியாக வட்டமடித்தார். கீழே எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. புதருக்குள் கிடந்த குஞ்சுகள் நடுத்தண்ணீருக்கு வந்தன. இலையாண்டிகூடத் தன் பிள்ளைகளைத் தூரத்து இலைகளுக்கு விட்டான். அவனுடைய கடைக்குட்டிக்கு ஒரே கொண்டாட்டம். எப்போதும் கடைசியாக வரும், வழியில் எதையாவது வேடிக்கை பார்க்கும், அப்பா கூப்பிட்டால் ஓடிவந்து வலது இறக்கைக்குள் நுழைந்துகொண்டு கால்விரலால் கிச்சுக்கிச்சு மூட்டும்.

"ரொம்பத் தூரம் போகாதேடா!" என்று இலையாண்டி குரல் கொடுத்தான்.

"மேலே தாத்தா பார்த்துக்கிறாருப்பா!" என்று கடைக்குட்டி கத்தியது.

இலையாண்டி அண்ணாந்து பார்த்தான். புள்ளி இருந்தது. அவன் சிரித்துக்கொண்டே ஒரு புழுவைக் கொத்தினான்.

அந்த நேரத்தில்தான் நிழல் விழுந்தது.

நாணலை ஒட்டி, சத்தமே இல்லாமல், பூனைப்பருந்து! "வாங்கடா! வாங்கடா!" என்று இலையாண்டி அலறினான். பிள்ளைகள் ஓடிவந்தன. வாரி இடுக்கிக்கொண்டு புதருக்கு ஓடினான். கூர்வாலியும் ஆட்களும் எழும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பூனைப்பருந்து கரையைத் தாண்டிப் போய்விட்டது.

புதருக்குள் வந்த பிறகுதான் இலையாண்டிக்குத் தெரிந்தது. வலது இறக்கைக்குள் கிச்சுக்கிச்சு இல்லை. இடம் காலியாக இருந்தது. கடைக்குட்டி ஒரு தட்டானை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றதை யாரோ பிறகு சொன்னார்கள். அந்த அப்பன் அழுத அழுகையை என்னால் சொல்ல முடியாது.

நாரை நிதானமாக இறங்கி வந்தார். சபை கூடியது.

"ஐயா! பூனைப்பருந்து வந்துச்சே, பார்க்கலையா?" என்று கூர்வாலி கொதித்தாள்.

"பார்த்தேனே!" என்றார் நாரை. "மேற்குக் கரைப் புளியமரத்துல இருந்து கிளம்பிச்சு. மடையைச் சுத்தி வந்துச்சு. நாணல் ஓரமா ரெண்டு தரம் தாழ்ந்து எழும்பிச்சு. அப்புறம் சின்னதா ஒரு குஞ்சைத் தூக்கிச்சு. இடது கால்ல."

"எல்லாத்தையும் பார்த்தீங்களா!" இலையாண்டியின் குரல் உடைந்தது. "பார்த்துட்டு ஏன் ஐயா சொல்லலை?"

நாரை குழம்பிப்போய் அவனைப் பார்த்தார். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. "பார்த்துக்கணும்னுதானே சொன்னே தம்பி? பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். கண்ணை ஒரு தரம்கூட எடுக்கலையே!"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். "பார்த்துக்கணும்னா பார்க்கணும்னா அர்த்தம்?" "இல்லையா பின்னே?" "இல்லப்பா, பார்த்துக்கணும்னா கவனிச்சுக்கணும்!" "கவனிச்சாரே!" "அந்தக் கவனிப்பு இல்ல, இது வேற கவனிப்பு!" யார் எதைச் சொன்னார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

காகம் தொண்டையைச் செருமியது. "இதுக்கெல்லாம் எதுக்குக் கலாட்டா? இது தொடர்புக் குறைபாடு. நாரையைப் பார்த்துக்க இன்னொரு நாரையை அமர்த்திக்கலாம். அவரோட பார்வை வட்டம் இன்னும் பெருசு!"

"ஆகா! ரெண்டு நாரை!" என்றார் ராஜா.

"ஆமாம், ஆமாம்!" என்றது சபை. தலைகள் ஆடத் தொடங்கின.

இலையாண்டியின் தலை மட்டும் ஆடவில்லை. காலியான வலது இறக்கையை உடம்போடு இறுக்கிக்கொண்டான்.

"எனக்குப் புரியலை!" என்று கத்தினான். ஆள்காட்டிகூட அப்படிக் கத்தியதில்லை. அக்கரையில் அவளே திரும்பிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் புரியலை! அன்னைக்கும் புரியலை, இன்னைக்கும் புரியலை! புரிஞ்ச மாதிரி தலையாட்டித்தான் என் புள்ளையை விட்டுட்டு நிக்கிறேன்! காக்கா, சொல்லு. பார்வை வட்டம்னா என்ன?"

காகம் கண்ணைக் கொட்டியது. "அது வந்து... பார்வை... வட்டமா... அதாவது வட்டமா ஒரு பார்வை..."

"உனக்கே தெரியாதா?"

திடீரென்று காகத்துக்கு அக்கரையில் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தது. பறந்துவிட்டது.

"அப்பாடா! எனக்கும் தெரியாது," என்றார் ராஜா. இந்த முறை அவர் முங்கவில்லை. முங்க நினைத்தார், ஆனால் இலையாண்டியின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

இலையாண்டி நாரையிடம் திரும்பினான். "ஐயா, அன்னைக்கே கேட்டிருக்கணும். இப்பக் கேக்கறேன். மேலே இருந்து பூனைப்பருந்தைப் பார்த்தா, எங்களுக்கு எப்படிச் சொல்லுவீங்க?"

"சொல்ல முடியாதே," என்றார் நாரை. "எங்க குலத்துல பெரியவங்களுக்குக் கத்தற குரல் கிடையாது தம்பி. பக்கத்துல நின்னா முணுமுணுப்பேன். இல்லைன்னா அலகைத் தட்டுவேன். அந்த உசரத்துல தட்டினா என் காதுக்கே கேக்காது. யாரும் கேக்கலை, நானும் சொல்லலை."

இவ்வளவு பெரிய விஷயம்! ஒருவர்கூடக் கேட்கவில்லை!

"அப்ப கத்த வேண்டாம்," என்றான் இலையாண்டி, யோசித்து யோசித்து. "நாங்க பிள்ளைகளைத் தூக்கிட்டு ஓடறப்ப குச்சிக் கால் கீழே தொங்கும். அதைப் பார்த்தாலே ஊருக்குத் தெரியும், ஆபத்துன்னு. நீங்களும் பூனைப்பருந்தைப் பார்த்ததும் காலைத் தொங்கவிடுங்க. அது எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கமா இறங்குங்க."

"காலைத் தொங்கவிட்டா நான் சாப்பிட இறங்கறேன்னு நினைச்சுக்க மாட்டீங்களா?"

மறுபடியும் குழப்பம்! நல்லவேளை, இந்த முறை எல்லோரும் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாரை சாப்பிட இறங்குவதானால் கரைக்கு அப்பால் வயலில் இறங்க வேண்டும். ஏரிக்கு மேலே கால் தொங்கினால் அது ஆபத்து.

"சரி, நாள் முழுக்க அண்ணாந்து பார்க்க யாரு? நாங்க தண்ணியைப் பார்த்தாதானே வயிறு நிறையும்?" என்று கூர்வாலி கேட்டாள்.

எல்லோரும் அக்கரையைப் பார்த்தார்கள்.

ஆள்காட்டி வருவதற்குக் கொஞ்சம் பிகு பண்ணினாள். பிறகு வந்தாள். "நான்தான் வாய் மட்டும் இருக்கிறவளாச்சே!" என்று குத்திக் காட்டினாள்.

"அந்த வாய்தான் வேணும் தாயே!" என்றான் இலையாண்டி. "ஆனா எருமையைப் பார்க்காதே. இலையைப் பார்க்காதே. ஐயாவோட காலை மட்டும் பாரு. தொங்கினா கத்து, எந்தப் பக்கம்னு சொல்லிக் கத்து. புரிஞ்சுதா?"

"புரியலை. மறுபடி சொல்லு!" என்றாள் ஆள்காட்டி.

இலையாண்டிக்குக் கோபம் வரவில்லை. மறுபடி சொன்னான். ஒத்திகை பார்த்தார்கள். முதல் ஒத்திகையில் ஆள்காட்டி இடது என்று கத்த, ஆலாக்கள் அவளுக்கு வலப்பக்கம் போயின. அவள் நின்றிருந்த பக்கம் வேறு, அவர்கள் பார்த்த பக்கம் வேறு! உடனே இடது வலதை விட்டுவிட்டு, மடை, நாணல், புளியமரம், மருத மரம் என்று எல்லோருக்கும் தெரிந்த பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

சில நாள் கழித்து, வெயில் சுள்ளென்று ஏறிய நேரம். வானத்தில் புள்ளி சுற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று அது தாழ்ந்தது. ஏரிக்கு மேலே இரண்டு நெடுங்கால்கள் தொங்கின.

"மடைப்பக்கம்! மடைப்பக்கம்! மடைப்பக்கம்!" ஆள்காட்டியின் குரலில் ஏரியே அதிர்ந்தது.

கூர்வாலியின் படை விருட்டென்று கிளம்பியது. பூனைப்பருந்து நாணலை எட்டுவதற்கு முன்பே தலையில் ஒரு கொத்து, முதுகில் ஒரு கொத்து! திகைத்துப் போன பூனைப்பருந்து வந்த வழியே திரும்பியது. புளியமரத்திலும் உட்காரவில்லை. அதற்கும் அப்பால் போய்விட்டது.

திட்டில் ஒரே ஆரவாரம். ராஜா எல்லோருக்கும் நன்றி சொன்னார். இலையாண்டி புதருக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தான். இடது இறக்கைக்கு வெளியே குச்சிக் கால்கள் உதைத்துக்கொண்டு தொங்கின. வலது இறக்கையில் இனி யாரையும் வைப்பதில்லை என்று அவன் முடிவு செய்திருந்தான். ஆனால் அவன் இலையில் கால் வைத்ததும் ஒரு குஞ்சு இடது பக்கத்திலிருந்து நழுவி, அவன் வயிற்றுக்குக் கீழே புகுந்து, வலது பக்கம் நுழைந்துகொண்டது.

"அப்பா, தாத்தா ஏன் காலைத் தொங்கவிட்டார்? எனக்குப் புரியலை," என்றது.

"கேளுடா கண்ணு, எத்தனை தரம் வேணும்னாலும் கேளு!" என்று இலையாண்டி தழுதழுத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தான்.

புரியாத இடத்தில் தலையாட்டிவிட்டுப் பிறகு அழுவதைவிட, "எனக்குப் புரியவில்லை" என்று அப்போதே வாய்விட்டுக் கேட்பதுதான் ஊருக்கும் வீட்டுக்கும் முதல் காவல்.